அந்த வாரம் மட்டும் மீஷா குறை சொல்ல மாட்டார்

மீஷா போய்விட்டார். நேற்றுக் காலை. மாரடைப்பாம்... ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இங்கே ஹம்பேர்க்கில், ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில், என்னோடு பதினொரு வருடம் வேலை செய்தவர். ஒடேசாவிலிருந்து வந்த யூதர். என் பதிவுகளில் "குறைமன்னன்" என்று நக்கலடிப்பேனே, அவர்தான்.

விருந்து மண்டபத்தின் நீள மேசைவிரிப்புகளை மெஷினில் மடிக்க முடியாது. ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை நான். மடித்துக்கொண்டே வந்து நடுவில் சந்திக்கும்போதெல்லாம் ஒரு குறை. எஸ்-பான் ரயில் லேட். முழங்கால் வலி. இந்த ஊர்த் தக்காளிப்பழத்துக்கு வாசமே இல்லை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போகும்.

வருடத்தில் ஒரு வாரம் மட்டும் விதிவிலக்கு. சுக்கோத், அவர்களுடைய கூடாரப் பண்டிகை.

அந்த நாட்களில் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பது கட்டளையாம். மீஷா அதைத் தன் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டார். குறை சொல்வதில்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டால், அதை நன்றியாக மாற்றிச் சொல்ல வேண்டும்.

போன வருடம் எங்களையும் கூப்பிட்டிருந்தார். குடியிருப்பின் பின்முற்றத்தில் பலகைக் குடில். கூரைக்கு வெறும் மரக்கிளைகள்தான், வானம் தெரிய வேண்டுமாம். ஹம்பேர்க் மழை சும்மா இருக்குமா? நேராக சூப்புக்குள் சொட்டியது.

மீஷா அண்ணாந்து பார்த்தார். உதட்டைக் கடித்தார். பிறகு...

"மழைக்கு நன்றி. சூப் கூடியிருக்கு. எல்லாரும் இன்னொருக்கா குடியுங்கோ."

ஜெர்மனில் சொன்னதுதான். இப்போது எனக்குத் தமிழில் கேட்கிறது.

என் மனைவி வதனிக்குச் சிரித்ததில் புரையேறியது. "மீஷா அண்ணை வருஷம் முழுக்க இப்பிடியே இருக்கலாமே?" என்றாள்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் மனைவி ரீட்டா தலையில் கைவைத்தார். "ஐயோ, வேண்டாம். ஒரு கிழமையே எனக்குப் பயமாக் கிடக்கு. இவர் குறை சொல்லாட்டி, என்ன நடக்குதெண்டே தெரியாது."

எல்லோரும் சிரித்தோம்.

இந்த வருடத்துப் பண்டிகை இந்த வாரம்தான்.

செவ்வாய்க்கிழமை. பாதி மடித்த விரிப்போடு அப்படியே நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு கை நெஞ்சில்.

"என்ன மீஷா, ஏலாமல் கிடக்கோ?"

"ரெண்டு கையும் வேலை செய்யுது. நன்றி."

நான் சிரித்தேன். "இந்தக் கிழமை செத்தாலும் சொல்ல மாட்டியள்" என்றேன். ஆமாம், இதே வார்த்தைகள். அவரும் சிரித்தார். விரிப்பைத் தூக்கினார். நானும் என் முனையைத் தூக்கினேன்.

வேறு எந்த வாரமாக இருந்தாலும் அந்த வலியின் முழு வரலாறும் எனக்குத் தெரிந்திருக்கும். தொல்லை தாங்காமல் நானே டொக்டரிடம் துரத்தியிருப்பேன். உண்மையைச் சொன்னால், அந்த வாரத்து அமைதி எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

நேற்று போனில் ரீட்டா கேட்டார். "வேலையில உங்களிட்டை ஏதும் சொன்னவரோ?"

"இல்லை" என்றேன். பொய் இல்லை. ஆனால் உண்மையா... தெரியவில்லை.

இன்று அடக்கம். நானும் மண் போட்டேன். துக்கம் விசாரிக்க எப்போது வீட்டுக்கு வரலாம் என்று கேட்டேன். பண்டிகை முடிந்த பிறகுதானாம், அதற்குள் துக்கம் காக்கக் கூடாதாம். குடில் இன்னும் முற்றத்திலேயே நிற்கிறதாம்.

போகும்போது செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்வதா, வேண்டாமா? கடைசிவரை நன்றி சொல்லிக்கொண்டே போனார் என்றால் ரீட்டாவுக்கு ஆறுதலா? அல்லது என்னைப் பார்த்து, நீங்கள் ஏன் திரும்பவும் கேட்கவில்லை என்பாரா? மீஷாமேல் கோபம் வருகிறது, உடனே என்மேல் வருகிறது. ஒன்றும் பிடிபடவில்லை.

ரீட்டாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மீஷா... ஞாயிற்றுக்கிழமையோட பண்டிகை முடியுது. அதுக்குப் பிறகு என்னில குறை சொல்லுங்கோ. எல்லாத்தையும் கேக்கிறன்.