சீவலக்கா அரைக்காமல் விட்ட கல்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கல்லைச் சீவுகிறவர் என்பதால் அவருக்குச் சீவலக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. எரிமலைக் கல்லை வில்லையாக அறுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை அரைப்பார். இரண்டு சுற்று கூடிப்போனால் கல் மாயம், கண்ணாடிதான் மிஞ்சும்.

அந்த வில்லையை நுண்ணோக்கியில் வைத்துத் திருப்பினால் நீலமும் ஆரஞ்சும் ஒன்றுக்குள் ஒன்று கரையும். பார்க்க உட்கார்ந்தால் அக்கா சாப்பாட்டையே மறந்துவிடுவார். கேட்டால், "சும்மா உள்ள போய்ட்டு வந்தேன்" என்பார், பக்கத்துத் தெருவுக்குப் போய்வந்ததுபோல.

அவிந்துபோன எரிமலையின் அடிவாரத்தில் ஒரு வீடு என்பது அவருக்கும் கணவருக்கும் நெடுநாள் கனவு. மனையும் அமைந்துவிட்டது. மறுநாள் பத்திரப்பதிவு. படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம் என்று இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கணவர் அன்று காலை அந்த மனையிலிருந்தே ஒரு கறுப்புக் கல்லைக் கொண்டுவந்து, "நம்ம கல்லு, சீவிப் பாரேன்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

முக்கால்வாசி அரைத்ததும், கல்லைப் படித்துச் சொல்கிற என்னை அக்கா நுண்ணோக்கிக்குக் கூப்பிட்டார். வில்லையின் ஓரத்தில் ஒரே ஒரு முழுப் படிகம். அதற்குள் மரத்தில் இருப்பதுபோல வளையங்கள். உள்ளே இருப்பவை அகலமாக, சாவகாசமாக வளர்ந்தவை. கடைசி வளையம் மட்டும் நூலிழை.

"மலை ரொம்பக் காலம் தூங்கியிருக்குக்கா. அடியிலேருந்து புதுசா எரிமலைக் குழம்பு ஏறினப்புறம்தான் இந்த ஓரம் வளர்ந்திருக்கு. சில நாள்தான் வளர்ந்திருக்கும், அதுக்குள்ள வெடிச்சிருச்சு."

"மறுபடி எழுந்திருக்குமா?"

"அது இந்தக் கல்லுக்குத் தெரியாது. போன தடவை எழுந்தப்ப ஊருக்கு ரொம்ப அவகாசம் தரல. அவ்வளவுதான் தெரியுது."

அக்கா வில்லையை அரைக்கும் தட்டின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நாலு சுற்று போதும், அந்தக் கடைசி வளையம் தூளாகிவிடும், யாருக்கும் தெரியாது. நானாக இருந்தால் அரைத்தே இருப்பேன்.

சாயங்காலம் கணவர் வந்தார். "என்னம்மா சொல்லுது நம்ம கல்லு?"

அக்கா அவரை நுண்ணோக்கிமுன் உட்காரவைத்துக் காட்டினார். "அடேயப்பா, இவ்வளவு அழகா!" என்று அவர் வாயைப் பிளந்தார். பிறகுதான் அக்கா அந்தக் கடைசி வளையத்தைப் பற்றிச் சொன்னார். கணவர் முகம் தொங்கிப்போயிற்று.

"பேசாம இன்னும் கொஞ்சம் அரைச்சிருக்கலாமே. எனக்கென்ன தெரியப்போகுது?"

"தெரியாதுதாங்க. அந்த வீட்ல நீங்க நிம்மதியா குறட்டை விடுவீங்க. நான்தானே ராவெல்லாம் முழிச்சுக் கெடக்கணும்?"

கணவர் மறுபடியும் கண்ணை வைத்தார். அக்கா நுண்ணோக்கியின் தட்டை மெல்லச் சுழற்றிக் காட்டினார். மறுநாள் பத்திரம் பதியப் போகவில்லை. அந்த மலையில் அவர்கள் குடியிருந்தது அவ்வளவுதான்.