காற்றுப் புகாத குடில்

என் அக்கா புருஷனுக்கு வேலையிடத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர் முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் ‘சாத்து அண்ணன்’தான். எங்கே நுழைந்தாலும், கையில் எந்த வேலை இருந்தாலும், அவர் வாயில் முதலில் வருவது “அந்தக் கதவைச் சாத்து” என்பதுதான். எனக்கு அவர் அத்தான். அவர் வேலை பார்க்கும் பண்ணையிலிருந்து காய்கறிப் பெட்டிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போகிற வண்டியோட்டி நான். ஆகவே அவரை வீட்டிலும் பார்க்கிறேன், வேலையிலும் பார்க்கிறேன். தப்பிக்க வழியில்லை.

அக்கா வீட்டு ஜன்னல்கள் சுவரோடு சுவராகிப் பல வருடமாகிறது. நேற்று வறுத்த மீன் இன்றைக்கும் வாசலில் வந்து நம்மை விசாரிக்கும். என் வண்டியில் ஏறினால் உட்காருவதற்கு முன்பே அவர் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றிவிடுவார். “கொஞ்சம் காத்து வரட்டுமே அத்தான்” என்றால், “காத்தோட யோக்கியதை எனக்குத் தெரியும் மச்சான்” என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அவர் பார்த்துக்கொள்வது பண்ணையின் பசுமைக்குடிலை. இரும்புக் குழாய்களை வளைத்து, மேலே பாலித்தீன் விரிப்பு போர்த்திய நீளமான கூடம். இரண்டு பக்கமும் விரிப்பைத் திரை மாதிரி சுருட்டி ஏற்றலாம். அதற்கு மூலையில் ஒரு கைப்பிடி இருக்கிறது. உள்ளே கூரையிலிருந்து தொங்கும் கயிறுகளில் வெள்ளரிக் கொடிகள் ஏறிப் போகும். காலையில் போனதும் அத்தான் ஒவ்வொரு கொடியாக நின்று, பக்கக் கிளையைக் கிள்ளி, நுனியைக் கயிற்றில் சுற்றிவிடுவார். தூசி படிந்த இலையை ஈரத்துணியால் துடைப்பார். சொந்தப் பெண்ணுக்கு இந்த மனிதர் ஒரு நாளாவது மூக்கைத் துடைத்துவிட்டிருப்பாரா என்று அக்கா கேட்டதுண்டு.

அந்தப் பெண் பிறந்த அன்றுதான் இந்தக் கதவு சாத்தும் வியாதி அவருக்கு வந்தது. அது குளிர்காலம். காலையில் நல்ல வெயில் அடிக்கவே, குடிலின் பக்கத்திரையைச் சுருட்டிவிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். அக்காவுக்கு வலி எடுத்ததாகச் செய்தி வந்தது. போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அன்று மாலையே காற்று திரும்பி, பனிக்காற்றாக அடித்தது. பெண் பிறந்த சந்தோஷத்தோடு மறுநாள் போய்ப் பார்த்தால் கொடிகள் மொத்தமும் கறுத்துத் தொங்கின. பண்ணை முதலாளி எல்லோர் முன்னாலும் அவரைக் கிழித்துத் தொங்கப்போட்டார். அதன் பிறகு குளிர்காலத்தில் அந்தக் கைப்பிடியை அவர் தொட்டதே இல்லை. வெயில் காலத்தில் மட்டும், செடி வெந்துவிடும் என்பதால், வேறு வழியில்லாமல் திறப்பார்.

அப்படியும் குடில் நன்றாகத்தான் காய்த்தது. பழைய விரிப்பில் ஆயிரம் கிழிசல், கதவு கோணல், அடிப்பக்கம் எலி போகிற அளவுக்கு இடைவெளி. அத்தான் அவற்றைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டினார். மூன்று வருடத்துக்கு முன்னால் முதலாளி மனது வைத்துப் புது விரிப்பும், ஒன்றன்பின் ஒன்றாக இரட்டைக் கதவும் போட்டுக் கொடுத்தார். சாணி உரம் போட்ட பழைய மண் பாத்திகளையும் எடுத்துவிட்டு, தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகளில் செடி வைத்தார்கள். அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இணைப்பு இணைப்பாகத் தேடிப் போய்த் தன் கையாலேயே டேப் ஒட்டினார். ஊசி நுழைய இடமில்லை என்று என்னைக் கூட்டிப் போய்க் காட்டி மகிழ்ந்தார்.

அந்தக் குளிர்காலத்துப் பயிர் தேறவில்லை. செடி சாகவில்லை, நோயும் இல்லை. ஆனால் இலை மெலிந்து, பூ உதிர்ந்து, பிஞ்சு விரல் நீளத்தில் மஞ்சளாகி நின்றது. குளிர்தான் எங்கேயோ உள்ளே வருகிறது என்று அத்தான் முடிவு கட்டினார். இன்னும் டேப் வாங்கினார். அடுத்த குளிர்காலமும் அதே கதை. இந்த மூன்றாவது தடவை, பிஞ்சுகள் மஞ்சளாகத் தொடங்கியதும் முதலாளி நேரில் வந்தார்.

“இந்தப் பயிரும் போச்சுன்னா குடிலைப் பிரிச்சிடப் போறேன். அந்த இடத்துல ஒரு கிடங்கு கட்டிடலாம். நீங்க பெட்டி கட்டுற கொட்டகைக்கு வந்துடுங்க. உக்காந்து பாக்குற வேலை, உங்க வயசுக்கும் நல்லது” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அத்தான் தாங்கியிருப்பார். அக்கறையாகச் சொன்னதில் ஆடிப்போய்விட்டார்.

அதன்பின் அவர் செய்யாதது பாக்கியில்லை. உரக்கரைசலைக் கூட்டினார், குறைத்தார். சொட்டுநீர்க் குழாயை ஊதி ஊதிப் பார்த்தார். ஏணி வைத்துக் கூரை விரிப்பைக் கழுவினார், வெளிச்சம் குறைகிறதோ என்று. வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருப்பார். “கை வைக்கிறாரு, வாயில வைக்கல” என்று அக்கா என்னிடம் அழுதாள். எனக்கு அவர் மேல் எரிச்சல்தான் வந்தது. ஒரு மனிதன் வெள்ளரிக்காய்க்காக இப்படியா இளைப்பான்?

இந்த நேரத்தில்தான் விடுமுறைக்கு என் மருமகள், அதாவது அத்தானின் பெண், வந்தாள். அவளுக்கு வேறு ஊரில், பெரிய கட்டடங்களில் காற்றோட்ட விசிறிகள் பொருத்தும் கம்பெனியில் வேலை. கூட்டம் நடக்கும் அறைகளில் ஆட்கள் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அளக்க ஒரு சின்னக் கருவி வைத்திருப்பாள். கரியமிலவாயுவை அளக்கிற மீட்டர். வீட்டுக்குள் நுழைந்து பையை இறக்கியவுடன் அதைத்தான் எடுத்து மேஜையில் வைத்தாள்.

“ரெண்டாயிரம்! அம்மா, வெளியில நானூத்துச் சொச்சம்தான் இருக்கும். நீங்க ரெண்டு பேரும் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துட்டு இருக்கீங்க. தலை வலிக்காம என்ன பண்ணும்?”

“உங்கப்பாகிட்ட சொல்லு” என்றாள் அக்கா.

உங்கப்பா காதில் வாங்கவில்லை. மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் குடிலுக்குக் கிளம்பினார். பெண்ணும் கூட வந்தாள். பெட்டி ஏற்ற நானும் போனேன். மீட்டர் அவள் சட்டைப் பையிலேயே இருந்தது. குடிலுக்குள் நுழைந்ததும் பழக்க தோஷத்தில் எடுத்துப் பார்த்தாள். எண்ணூறு காட்டியது.

“இங்கயும் வீடு மாதிரியேதான் வச்சிருக்கீங்க” என்று சிரித்தாள். “செடியும் ராத்திரி நம்மள மாதிரிதான்பா, மூச்சு விடும். அதான் சேர்ந்திருக்கு.”

மீட்டரை ஒரு கயிற்றில் மாட்டிவிட்டு, அப்பாவோடு சேர்ந்து மஞ்சளான பிஞ்சுகளைக் கிள்ள ஆரம்பித்தாள். வெயில் கூரையைத் தொட்டது. விரிப்பின் உட்புறம் நின்ற நீர்த்துளிகள் பளபளத்தன. கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பி வந்து பார்க்கையில் ஐநூறு. தட்டிப் பார்த்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் இறங்கியது. வெயில் ஏற ஏற அது இறங்கிக்கொண்டே போனது. நானூறு. முந்நூறு. இருநூறுக்கும் கீழே போய்த் தடுமாறி நின்றது. மருமகள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

“மீட்டர் கெட்டுப்போச்சா?” என்றேன்.

அவள் அதன் மேல் வாயை வைத்து ஊதினாள். எண் சடசடவென்று ஆயிரத்தைத் தாண்டியது. வாயை எடுத்ததும் மறுபடி இறங்கத் தொடங்கியது. “மீட்டர் நல்லாத்தான் இருக்கு மாமா. அப்பா, இங்க வாங்க. இதுங்க பட்டினி கிடக்குது.”

அத்தானுக்கு அந்த வார்த்தை சுரீரென்று பட்டது. “பட்டினியா? வேளாவேளைக்கு உரம் போகுது. தண்ணி போகுது. வாய் இருக்குன்னு பேசாத.”

“உரம் சாப்பாடு இல்லப்பா, உப்பு மாதிரி. சாப்பாட்டை இலைதான் சமைக்குது. வேர்லேர்ந்து தண்ணி எடுத்துக்குது. வெளிச்சத்தைப் பிடிக்கிறதுக்குத்தான் இலையில பச்சையம் இருக்கு. தண்ணியையும் இந்தக் கரியமிலவாயுவையும் சேர்த்து, வெளிச்சத்தோட பலத்துல சர்க்கரையாக் கட்டுது. அந்தச் சர்க்கரைதான் தண்டு, இலை, காய் எல்லாம். மீதியாகிற ஆக்சிஜனை வெளிய தள்ளிடுது. வாயு இல்லன்னா எதை வச்சு சமைக்கும்? அடுப்பு எரியுது, தண்ணி கொதிக்குது, போட ஒண்ணுமில்ல.”

“காய் காத்துலேர்ந்தா வருது?”

“காத்தும் தண்ணியும்தான். உங்க உரம் அதுல ஒரு துளி.”

இத்தனை வருடமாக உரம் கலக்கிய கையை அத்தான் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

எனக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. நாலு சக்கரத்தில் ஒன்றில் காற்று இல்லையென்றால், மற்ற மூன்றிலும் எவ்வளவு அடித்தாலும் வண்டி நகராது. வெளிச்சம், தண்ணீர், இதமான சூடு, கரியமிலவாயு எல்லாம் வேண்டும். எது குறைவோ அதுதான் மொத்தத்தையும் பிடித்து நிறுத்தும். மேகமூட்டமான நாளில் வெளிச்சம் போதாது. குளிர் ஏறினால் இலை சோம்பிவிடும், அளவுக்கு மீறிச் சுட்டாலும் வேலை கெடும். இங்கே மற்ற மூன்றும் தாராளமாக இருந்தன. நல்ல வெயில் நாளில் இவ்வளவு கொடிகளும் சேர்ந்து கூடத்தில் இருக்கிற வாயுவை மதியத்துக்குள் காலி செய்துவிடும். புதிதாக வர வழி வேண்டுமே! பழைய கிழிசல்கள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. பழைய பாத்தியில் சாணி மட்கும்போதும் கொஞ்சம் வாயு வந்துகொண்டிருந்தது. பாத்தியை முதலாளி எடுத்தார், கிழிசலை அத்தான் அடைத்தார்.

“இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத வாய் இருக்குப்பா, ஆயிரக்கணக்குல” என்று மருமகள் சொன்னாள். “வாயு அது வழியாத்தான் உள்ள போகும். தண்ணி கொடுக்கலன்னா, காஞ்சுடக் கூடாதுன்னு மூடிக்கும். ஆனா வாயு கிடைக்கலன்னா இன்னும் பெருசாத் தொறக்கும்.”

அத்தான் ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, “இப்ப என்ன செய்யணும்ங்கிற?” என்றார்.

“திரையைச் சுருட்டுங்க.”

“இந்தக் குளிர்லயா? உனக்கென்ன பைத்தியமா?”

“நாள் பூரா வேணாம்பா. வெயில் ஏறுனப்புறம் ஒரு சாண். அப்ப உள்ள சூடு மிச்சமாத்தான் இருக்கு. வெயில் இறங்குறதுக்கு முந்தி சாத்திடுங்க.”

அவர் கைப்பிடி பக்கம் போனார், திரும்பி வந்தார். வெளியே போய் வானத்தைப் பார்த்தார். மறுபடி கைப்பிடியிடம் போனார். என்னைக் கூப்பிட்டு, “மச்சான், நீ சுத்து” என்றார். நான் நகரவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது. அது அவர் கையால் நடக்க வேண்டியது என்று பட்டது. கடைசியில் அவரே சுற்றினார். மாதக்கணக்கில் அசையாத கைப்பிடி கிரீச்சிட்டது. அடிப்பக்கம் ஒரு கோடாக வெளிச்சம் விழுந்து, குளிர்ந்த காற்று எங்கள் கணுக்காலைத் தொட்டது. அத்தானின் கண் கலங்கியது. குளிர் காற்று என்றார்.

மீட்டர் மெதுவாக ஏறி முந்நூற்றைம்பதைத் தாண்டியது.

அன்றிலிருந்து அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். திரை திறந்திருக்கும் நேரம் முழுக்க, கம்பளிக் கோட்டும் தலையில் துண்டுமாக அதன் பக்கத்தில் ஒரு காலிப் பெட்டியில் உட்கார்ந்திருப்பார். காற்றுக்குக் காவல். “களவாணிப் பயலை விட்டுட்டு வீட்டுக்குப் போக முடியுமா?” என்று என்னிடம் கேட்டார். அக்கா சாப்பாட்டுத் தூக்கை என் வண்டியில் கொடுத்தனுப்பினாள். மருமகள் ஊருக்குப் போகும்போது மீட்டரை அப்பாவிடமே விட்டுப்போனாள்.

மஞ்சளான பிஞ்சுகள் திரும்பவில்லை. அவை போனது போனதுதான். ஆனால் அதற்கு மேலே புதிதாக வந்த இலைகள் கெட்டியாக, கரும்பச்சையாக வந்தன. பூ நின்றது. பிஞ்சு நீண்டது. முதலாளி மறுபடி பார்க்க வந்தபோது ஒவ்வொரு கொடியிலும் காய் தொங்கியது. அவர் வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். ஒன்றைப் பறித்து, உடைத்து, கடித்துப் பார்த்தார்.

“சரி. குடில் இருக்கட்டும். நீங்களே பாத்துக்கங்க” என்றார். போகும்போது டேப்பைக் காட்டி, “நல்லா ஒட்டியிருக்கீங்க” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அக்காவுக்குப் போன் செய்தேன், அவள் அழுதாள், மருமகளுக்குப் போன் செய்தேன், அவள் கத்தினாள். சாயங்காலம் கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டு அத்தானையும் ஏற்றிக்கொண்டு சந்தை வழியாக வீட்டுக்குக் கிளம்பினேன். அவர் வழக்கம்போல் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தார். நான் பாட்டுக்கு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். அவர் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“என்ன அத்தான், ஜெயிச்சுட்டு இப்படி உக்காந்திருக்கீங்க?”

“அன்னைக்குப் பாப்பா சொன்னாளே மச்சான், வாயு கிடைக்கலன்னா இலை வாயைப் பெருசாத் தொறக்கும்னு.”

“ஆமா, சொன்னா.”

“போன குளிர்லயும் அதுக்கு முந்தின குளிர்லயும் நான் அங்கதானே இருந்தேன். பக்கத்துலயே. ஒவ்வொரு இலையாத் தொடச்சுவிட்டேன்.” அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். “என் கையிலயே வாயைத் தொறந்துக்கிட்டு இருந்திருக்கும். எனக்குத் தெரியலயே.”

வண்டி சந்தைச் சாலையில் திரும்பியது. அத்தான் கையை நீட்டி, தன் பக்கத்துக் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.