காதில் மாட்டாத ஸ்டெதஸ்கோப்

நோயாளியைச் சிரிக்க வைத்துவிட்டால் பாதி வியாதி போய்விடும் என்று நம்பித்தான் தொண்ணூறுகளில் திண்டிவனத்தில் கிளினிக் திறந்தேன். மீதிப் பாதியைப் பற்றி யோசிக்கவில்லை.

ஒரு காலையில் மரக்காணம் பக்கத்து மீனவர் ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்தார். நெஞ்சு வலி, சட்டையெல்லாம் வியர்வை. மாரடைப்பாக இருக்குமோ என்று நினைத்ததுமே எனக்கும் வியர்த்தது. அவர் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, பெரிய டாக்டர் போலத் தலையாட்டினேன்.

"காதுல மாட்டாமலே கேக்குதா சார்?" என்றார் அந்த அம்மா.

அப்போதுதான் கவனித்தேன், அதன் மறுமுனை என் கழுத்தில் கிடந்தது. "எனக்கு அப்படியே கேக்கும்மா" என்றேன். மீனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

"பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவட்டுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

அனுப்பினால், எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடுமே என்று பயந்தேன். "வெறும் வாயுதாம்மா. மல்லாட்டையைக் கொஞ்சம் கொறைச்சிக்கச் சொல்லு" என்று வேர்க்கடலை மேல் பழியைப் போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அதற்கும் அவர் சிரித்தார். "நல்ல டாக்டரு" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.

மரக்காணம் பஸ் கிளம்புவதற்குள், ஜன்னலோர சீட்டில் அவர் இறந்துபோனார்.