ஏரிக்குப் பின்னால் சோலார் வந்த கதை

ஏரிக்குப் பின்னால் இருக்கும் மேட்டு நிலத்தில் சோலார் போடப் போகிறார்கள் என்றதும் எங்கள் வீட்டில் முதலில் சந்தோஷப்பட்டது நான்தான். அங்கே எங்களுக்கும் இரண்டு ஏக்கர் உண்டு. பல வருஷமாக அதில் முள்தான் விளைந்தது. தினமும் நாவலூருக்கு பஸ் ஏறி ஆபீஸ் போகிற எனக்கு, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை.

அந்த முள்ளுக்கு நடுவே தினமும் போய்வந்தவர் என் நாத்தனார். அடுத்த வீட்டில் குடியிருந்தார். இருபத்தைந்து செம்மறி ஆடு வைத்திருந்தார். நிலத்தைக் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்ன நாளிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

கிராம சபையில் கம்பெனி இன்ஜினியர் பெரிய வரைபடம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, பொறுமையாகவே விளக்கினார். கடைசியில், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். நாத்தனார் எழுந்தார்.

"சார், படத்துல ஏரி கீது. ஏரிக்குத் தண்ணி வர்ற கால்வா எங்க கீது?"

இன்ஜினியர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். "அங்க கால்வாய் எதுவும் இல்லையேம்மா. நாங்க நேர்ல வந்து பார்த்தோமே."

"எப்ப வந்த, சித்திரையிலயா? மழையில வா சார், நான் காட்றேன்."

கூட்டம் சிரித்தது. இன்ஜினியரும் சிரித்தார். ஆனால் ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள், நிஜமாகவே வந்து நின்றார். எனக்கு அன்று லீவு. மூவரும் நடந்தோம். படத்தில் வேலிக்குக் கோடு போட்டிருந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் நிலத்தின் ஓரம்தான் அது. எனக்கே அது தெரியாமல் இருந்ததில் வெட்கமாகிவிட்டது.

ஷூவைக் கையில் பிடித்தபடி இன்ஜினியர், "வேலியத் தள்ளிப் போட்டுடலாம்மா" என்றார்.

"அது சரி. என் ஆடுங்க எங்க மேயும்?"

"உள்ள விட்டா பேனல் மேல ஏறிடுமேம்மா."

"ஏறுறது வெள்ளாடு சார். இது செம்மறி, குனிஞ்ச தலை நிமிராது. நீ மிஷின் வெச்சி புல்லு வெட்டினா கல்லு தெறிச்சி கண்ணாடி ஒடையும். என் ஆடு இன்னா கல்லா அடிக்கப் போவுது?"

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். "அக்கா சொல்றது சரிதான் சார்" என்றேன். நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்பனாச்சும் வாயத் தொறந்தியே" என்றார். அத்தனை மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அடுத்த கிராம சபையில் புதிய வரைபடம் வந்தது. கால்வாய்க்கு வழி விட்டிருந்தார்கள். பேனல்களை இன்னும் உயரமாக நிறுத்த ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆடுகளுக்குத் தனி கேட்டும் உண்டு. சம்மதம் கேட்டபோது முதலில் கை தூக்கியவர் நாத்தனார்தான்.

வேலை முடிந்து, பங்குனி வெயிலில் முதன்முதலாக ஆடுகளை உள்ளே விட்டோம். பத்து நிமிஷம் புல்லைக் கடித்துவிட்டு, இருபத்தைந்தும் பேனல் நிழலில் வரிசையாகப் படுத்துக்கொண்டன. சாயங்காலம் கேட்டைப் பூட்டும் நேரம் வந்தும் ஒன்றுகூட எழவில்லை. நாத்தனார் ஒரு பக்கம் திட்ட, இன்ஜினியர் ஒரு பக்கம் தள்ள, நான் சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.