வெண்கட்டி அழிந்த சட்டிகள்

'11.11.2023, சனி. மல்லாவிச் சந்தையில் ஆறு மண்சட்டி. மூன்று சைவம், மூன்று மச்சம். வெண்கட்டியால் "சை", "ம" என்று எழுதியாயிற்று. தம்பி வீட்டுக் குசினியில் இடமிருந்து முதல் மூன்றும் சைவம்.'

தீபாவளிக்கு முதல்நாள் என் குறிப்புப் புத்தகத்தில் நான் எழுதியவை இவ்வரிகள். எழுதிய நேரத்தில் அதில் பிழை இருக்கவில்லை.

அக்கா ஏழு வருடங்களாகத் தம்பி வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவவின் கணவர், எங்கள் அத்தான், தீட்சை எடுத்தவர்; மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர். 2016 தீபாவளிக்குத் தம்பி அவருடைய பருப்புக்குள் ஓர் அகப்பை ஆட்டிறைச்சிக் குழம்பை ஊற்றிவிட்டு, அவர் கை கழுவும்வரை பார்த்திருந்து, "என்னத்தான், ருசி எப்பிடி?" என்று கேட்டான். அத்தான் கிணற்றடியில் குனிந்து தொண்டைக்குள் விரலை விட்டுச் சத்தி எடுத்தார். கடைசியில் இரத்தமும் வந்தது.

இந்த முறை அக்காவே பரந்தனிலிருந்து தொலைபேசி எடுத்தா. "நீ நிண்டு பாக்கிறதெண்டா வாறம். எனக்கும் உடம்பு ஏலாமல் வருது. அவன்ர வீட்டில ஒரு நேரமாவது சோறு தின்னோணும்."

நான் பொறுப்பெடுத்தேன். சைவம் குசினிக்குள், மச்சம் வெளியில் புளியமரத்தடியில். தேங்காய்த் திருவலை இரண்டு, அகப்பை நான்கு. ஐந்து பேருக்குச் சைவம், எட்டுப் பேருக்கு மச்சம்.

ஞாயிறு காலை, நான்கு வீட்டார் பங்குபோட்டு எடுத்த கிடாயைத் தம்பி வீட்டுக்குப் பின்னால் வெட்டினான். முதல் வெட்டில் அது சாகவில்லை. கழுத்துப் பாதி தொங்க, நான்கு காலாலும் மண்ணைக் கிளறியது. இரண்டாம் வெட்டில்தான் அடங்கியது. வெங்காயம் போட்டு வறை வறுக்கவென்று இரத்தத்தை ஒரு சட்டியில் ஏந்தி, உப்புப் போட்டு, குசினி வாசலில் வைத்துவிட்டுத் தோலுரிக்கப் போனான்.

அக்காவும் அத்தானும் பஸ்ஸால் இறங்கி வந்தபோது எட்டரை மணி. அத்தான் வாசலில் நின்று சட்டியைப் பார்த்தார்.

"இது எந்தச் சட்டி?" என்று என்னிடம் கேட்டார்.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். சட்டியில் எழுத்தைத் தேடாமல் குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். வரிசையில் இடப்பக்கம் முதலிடம் வெறுமையாக இருந்தது.

"சைவச் சட்டி" என்றேன்.

அத்தான் சட்டியைக் காலால் உதைத்தார். அது கதவு நிலையில் மோதி உடைந்தது. உறைந்துகொண்டிருந்த இரத்தம் சுவரில் கட்டிகட்டியாக வழிந்தது. சத்தம் கேட்டுத் தம்பி கத்தியோடு வந்தான்.

"என்னத்தான், காலமையே சாமி உரு வந்திட்டுதோ?"

"நாயே, இந்த முறையும் பகிடியோ?"

"என்ர வீட்டுச் சட்டி. நான் எதிலையும் பிடிப்பன். உங்களுக்கு வேணுமெண்டா கோயில்ல போய்த் தின்னுங்கோ."

அடுப்படியில் கிடந்த விறகுக்கட்டையை எடுத்து அத்தான் அவன் வாயில் அடித்தார். தம்பி ஒரு பல்லை உள்ளங்கையில் துப்பி, அதை ஒருமுறை பார்த்தான். பிறகு கத்தியை ஓங்கினான். அக்கா இடையில் புகுந்து, வெறுங்கையால் அலகைப் பிடித்துவிட்டா. அவன் இழுத்தான். அவவின் இரண்டு விரல்கள் எலும்பு தெரியப் பிளந்தன. அத்தான் அதைக் காணாமல் அவனுடைய தோளிலும் முதுகிலும் அடித்துக்கொண்டேயிருந்தார். கட்டை முறிந்த பிறகுதான் நின்றார். அவ்வளவு நேரமும் புத்தகம் என் கையில் இருந்தது.

அக்கா சேலைத் தலைப்பால் கையைச் சுற்றிக்கொண்டு, "சோத்தை இறக்குங்கோ, அடிப்பிடிக்குது" என்றா.

ஆஸ்பத்திரியில் பதினொரு தையல். அங்கிருந்தே அத்தான் அவவைப் பரந்தனுக்குக் கூட்டிப்போனார். நான் திரும்பி வந்தபோது தம்பியின் மனைவி சுவரைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெண்கட்டி எழுத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அதெங்க இருக்கு? புதுச்சட்டியெண்டு நேற்றே தும்பு போட்டுத் தேய்ச்சுக் கவிட்டனான். காலமை கைக்கு வந்தபடி அடுக்கினனான். எல்லாம் ஒருக்காலும் சமைக்காத சட்டிதானே."

மிஞ்சிய ஐந்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றிலும் எழுத்தில்லை. அப்படியானால் அந்த வெறும் இடம் எதையும் காட்டவில்லை. நான்தான் காட்டியதாகச் சொன்னேன். தம்பி, கையில் அகப்பட்டதை எடுத்ததாகவே இன்றுவரை சொல்கிறான்.

அக்காவின் இரண்டு விரல்களும் மடங்குவதில்லை. இடக்கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறா. இந்தப் பொங்கலுக்கு அடுத்தநாள் என்னைக் கூப்பிட்டா.

"அது மச்சச் சட்டியெண்டா அவனில பிழையில்லை. நான் வந்து சாப்பிடுவன். நீதானே எல்லாம் எழுதி வைக்கிறனி, பாத்துச் சொல்லு."

உடைந்த துண்டுகளை ஓர் உரப்பையில் கட்டி வைத்திருக்கிறேன். அன்று மறுபடியும் அவிழ்த்து, ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தேன். 12.11.2023 அன்று இரத்தம் ஏந்திய சட்டி சைவமா மச்சமா என்பது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை. அக்காவுக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை.