டீச்சருக்குச் செய்துகொடுத்த மாத்திரைப் பெட்டி

கீழ்வீட்டு டீச்சருக்கு நான் ஒரு மாத்திரைப் பெட்டி செய்துகொடுத்தேன். அவர் கேட்கவில்லை. நானே வலியப் போய்க் கொடுத்தேன். அபிராமபுரத்தில் எங்கள் குடியிருப்பு முழுவதற்கும் நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் என்று தெரியும். ஓய்வுபெற்ற பிறகும் அது மறந்துபோகக் கூடாது என்ற ஆசை எனக்கு.

காலையில் மூடியைத் திறந்து ரத்த அழுத்த மாத்திரையை எடுத்தால், உள்ளே ஒரு கெபாசிட்டரில், அதாவது மின்தேக்கியில், மின்னூட்டம் ஏறும். அது தங்கியிருக்கும்வரை, பொத்தானை அமுக்கினால் பச்சை விளக்கு எரியும். அன்றைய மாத்திரை போட்டாயிற்று என்று பொருள். மறுநாள் காலைக்குள் அது மெல்ல வடிந்துவிட வேண்டும், அதற்கு முன்னால் தானாகக் கசியக் கூடாது.

இதற்குக் கசிவு மிகக் குறைந்த பிலிம் கெபாசிட்டர்தான் சரி. என் மேசையிலேயே ஒன்று இருந்தது. ஆனால் பருமனானது, வைத்தால் பெட்டி அசிங்கமாகப் புடைத்தது. அதனால் சிறிய எலக்ட்ரோலைட்டிக் வகை ஒன்றை வைத்தேன். அது கசியும், சூட்டில் இன்னும் வேகமாகக் கசியும் என்பது கல்லூரியில் முதலாண்டுப் பாடம். என் ஏசி அறையில் ஒரே ஒரு நாள் சோதித்தேன். இரவுவரை தாங்கியது, கொடுத்துவிட்டேன்.

டீச்சர் அதை அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்தார். மே மாதம். ஒரு மத்தியானம் பொத்தானை அமுக்கியபோது விளக்கு எரியவில்லை. இன்னொரு மாத்திரை போட்டுக்கொண்டார். தலைசுற்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

பார்க்கப் போனேன். "அம்மாவுக்கு மறதி வந்துடுச்சு அங்கிள். நீங்க இவ்ளோ பண்ணிக் குடுத்தும் ரெண்டு தடவ போட்டிருக்காங்க" என்றார் மகன்.

"போட்ட ஞாபகம் இருந்துச்சுடா. பெட்டி இல்லன்னுச்சு. சார் செஞ்சது தப்பாவா காட்டும்?" என்றார் டீச்சர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"வயசானா இப்படித்தான்" என்றேன். அவரைவிட எனக்கு மூன்று வயது அதிகம். சுத்தம் செய்வதாகச் சொல்லிப் பெட்டியை எடுத்துவந்து, பிலிம் கெபாசிட்டரைப் பொருத்தித் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பின் மருமகள்தான் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குத் தனியாக நடந்து போனவருக்குத் துணை வைத்தார்கள். வீட்டில் நடத்திவந்த கணக்கு டியூஷனை மட்டும் அவராகவே நிறுத்தினார். தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடுவோமோ என்று பயமாம்.

அதைக் கேட்ட பிறகுதான் கீழே போனேன். மகன் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் சிரித்தார்.

"எனக்காக நீங்க பழிய ஏத்துக்க வேணாம் சார். இப்பல்லாம் கொழம்புல உப்பு போட்டேனான்னே எனக்குத் தெரியல."

"இல்ல டீச்சர், அன்னிக்கு உங்க ஞாபகந்தான் சரி."

"சரி சார்" என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.