அருவாளுக்கு ஒரு தேங்காய்

ஸ்ரீவில்லிபுத்தூர் இரும்புக்கடையில்தான் அவரைப் பார்த்தேன். சீமைக்கருவேலத்தை வெட்ட, விலை குறைவாய்க் கனமான அருவாள் ஒன்று எங்கள் இருவருக்குமே வேண்டியிருந்தது. நான் கூர் பார்த்தேன். அவரோ ஒவ்வொன்றாய்த் தூக்கிக்கொண்டு பக்கத்து சலூன் கண்ணாடி முன் போய் நின்று சிரித்துப் பார்த்தார். காதைத் தொடும் மீசை, தூசிக்குச் சிவந்த கண்கள். சிரித்தபோது இன்னும் பயமாக இருந்தது.

“இதுல நான் சாதுவாத் தெரியுதேனா, சார்?”

“எதுக்கு அண்ணாச்சி?”

“செட்டியார்பட்டி போறதுக்குள்ள ரெண்டு எடத்துல போலீஸ் செக்கிங். எம் மூஞ்சிக்கு வெறும் அருவான்னா கேஸு. தேங்காயோட போனா வெவசாயம்.” மடியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் வேண்டாமென்று கழித்த அருவாள் ஒன்றை வாங்கி, செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு நானும் அதே ரோட்டில் கிளம்பினேன்.

முதல் செக்கிங்கிலேயே மாட்டினேன்.

“கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்ச ஆளா இருக்க. இதை எதுக்குய்யா ஒளிச்சு வச்சிருக்க?” என்றார் போலீஸ்காரர். “கருவேல முள்ளு வெட்டத்தான் சார்” என்றேன். அவர் நம்பவில்லை.

அதற்குள் மீசைக்காரரும் தன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வண்டியின் முன்னால் அருவாளும் தேங்காயும் பளிச்சென்று தெரிந்தன. போலீஸ்காரர் தேங்காயைப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கைகாட்டினார். மீசைக்காரர் போகவில்லை. இறங்கி வந்து அந்தத் தேங்காயை என் அருவாள் மேல் வைத்தார்.

“இவியளும் வெவசாயிதான் சார்.”

என்னை விட்டுவிட்டார்கள். நன்றி சொல்ல நான் திரும்புவதற்குள் வெறும் அருவாளோடு அவர் அடுத்த செக்கிங்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார், வண்டிக் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தபடி. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது, அவருக்காக.